சிவந்து உதிரும் நாட்டு வாதுமை: அடையாளம் காண்பதும் வளர்ப்பதும்

தை, மாசி மாதங்களில் பள்ளிக்கூட வளாகத்திலோ, ரயில் நிலையத்திலோ, கோயில் வெளிப் பிராகாரத்திலோ அகலமான பெரிய இலைகள் மஞ்சளாகி, செம்பு நிறமாகி, பிறகு ரத்தச் சிவப்பாகி, பொத்துப் பொத்தென்று தரையில் விழும் ஒரு மரத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அதுதான் நாட்டு வாதுமை. வாதாங்கொட்டை மரம், பாதாங்கொட்டை மரம், நாட்டு பாதாம் என்று ஊருக்கு ஒரு பெயர் சொல்வார்கள். குளிர் நாடுகளில் மேப்பிள் மரங்கள் பனிக்காலத்துக்கு முன் சிவப்பதை நாம் படங்களில்தான் பார்க்கிறோம். நம் சமவெளியின் வெயிலில், பனியே இல்லாத இடத்தில், அதே அளவு நிறம் காட்டும் மரம் வேண்டும் என்றால் முதலில் சொல்ல வேண்டியது நாட்டு வாதுமையைத்தான்.

அழகுக்கும் நிழலுக்கும் நல்ல மரம். ஆனால் இதை வாங்குவதிலும், வைக்கும் இடத்திலும் விவசாயிகள் கவனிக்க வேண்டிய விஷயங்கள் சில உண்டு. கவனிக்காவிட்டால் பக்கத்தில் இருக்கும் மாந்தோப்பே நஷ்டப்படும். அதனால் கன்று வாங்கும் முன் இந்தக் கட்டுரையை முழுதாகப் படித்துவிடுங்கள்.

பாதாம் கன்று என்று வாங்காதீர்கள்

கடையில் கிலோ கணக்கில் விற்கும் பாதாம் பருப்பு வேறு மரம். அது ரோஜா, ஆப்பிள், பீச் ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் இலை பீச் இலையைப் போல நீண்டு, குறுகி, ஓரத்தில் ரம்பப் பற்களோடு இருக்கும். அந்த மரம் பூக்க வேண்டுமானால் குளிர்காலத்தில் சில நூறு மணி நேரம் 7 டிகிரிக்குக் கீழே வெப்பநிலை இருக்க வேண்டும். அதனால்தான் இந்தியாவில் அது காஷ்மீரின் புல்வாமா, பட்காம் போன்ற பகுதிகளிலும், இமாச்சலப் பிரதேசத்தின் சில இடங்களிலும் மட்டும் விளைகிறது. நம் கடைகளுக்கு வரும் பருப்பில் பெரும் பகுதி அமெரிக்காவின் கலிபோர்னியாவிலிருந்து வருகிறது. விழுப்புரத்திலோ விருதுநகரிலோ அந்த மரத்தை நட்டால், கன்று பிழைத்தாலும் காய்ப்பை எதிர்பார்க்க முடியாது.

நாற்றுப் பண்ணைகளிலும் சந்தைகளிலும் 'பாதாம் கன்று' என்று கொடுப்பது பெரும்பாலும் நாட்டு வாதுமைதான். பெயரைக் கேட்டு, கிலோ பல நூறு ரூபாய் விற்கும் பருப்பு கிடைக்கும் என்று கணக்குப் போட்டு ஏக்கர் கணக்கில் நடுவதற்கு இது பயிர் அல்ல. இதன் கொட்டைக்குள்ளும் பருப்பு உண்டு, சுவையும் பாதாமை ஒத்திருக்கும், சாப்பிடலாம். ஆனால் கொட்டையின் எடையில் பெரும் பகுதி நாரும் ஓடும்தான். உள்ளே இருக்கும் பருப்பு சுண்டுவிரல் நுனி அளவு. ஒன்றை உடைத்து எடுப்பதற்குள் பொறுமை போய்விடும். விற்பவர் 'மூன்று வருடத்தில் பாதாம் அறுவடை' என்று சொன்னால், இலையைக் காட்டச் சொல்லுங்கள். உள்ளங்கையை விட அகலமான, பளபளப்பான இலை இருந்தால் அது நாட்டு வாதுமை. நிழல் மரத்துக்கு உரிய விலைக்கு மேல் அதற்குக் கொடுக்க வேண்டாம்.

அடையாளம் காண்பது எப்படி?

தூரத்திலிருந்தே தெரியும் அடையாளம் கிளை அமைப்பு. தண்டு நேராக மேலே போகும். அதிலிருந்து கிளைகள் சுற்றிலும் ஒரே உயரத்தில் புறப்பட்டு, தரைக்கு இணையாகப் படுத்தாற்போல நீளும். பிறகு சில அடி இடைவெளி விட்டு அடுத்த வட்டம். கோபுரத்து நிலைகள் போல அடுக்கு அடுக்காகத் தெரியும். வயதான மரத்தில் இந்த அடுக்குகள் ஒன்றோடொன்று கலந்து, மேல்பகுதி குடைபோலப் பரந்துவிடும். பெரும்பாலும் 50 முதல் 80 அடி வரை வளரும்.

கிட்டே போய்ப் பார்த்தால் இலைகள் கிளை முழுவதும் பரவி இருக்காது. சிறு கிளைகளின் நுனியில் கொத்தாக, வட்டமாக நிற்கும். இதன் தாவரவியல் பெயர் டெர்மினாலியா கட்டப்பா. 1767-இல் லின்னேயஸ் வைத்த பெயர் இது. முதல் சொல் 'முனை' என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது, நுனியில் இலை கொத்தாக நிற்பதால். இரண்டாவது சொல் மலாய் மொழியில் இந்த மரத்துக்கு இருக்கும் கெட்டப்பாங் என்ற பெயரிலிருந்து வந்தது. சினிமாக் கட்டப்பாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இலை 15 முதல் 25 செ.மீ. நீளம் இருக்கும், சில மரங்களில் அதற்கு மேலும் போகும். நுனிப் பக்கம் அகன்று, காம்புப் பக்கம் வரவரக் குறுகும். தடிப்பாக, தோல் போல இருக்கும். மேல்பக்கம் மினுமினுப்பு. காம்பு குட்டையாக, தடித்து, ஒன்று இரண்டு செ.மீ. மட்டுமே இருக்கும். இலையின் அடிப்பக்கத்தில், நடு நரம்பின் இருபுறமும் சிறு சுரப்பிகள் புள்ளி போலத் தெரியும்.

பூ சின்னது, வெளிர் வெள்ளை. இதழ் கிடையாது. இலைக் கொத்துக்கு நடுவே விரல் நீளக் கதிராக வரும். கதிரில் பெரும்பாலானவை ஆண் பூக்கள். அடிப்பாகத்தில் இருக்கும் சில பூக்கள்தான் காயாகும். அதனால்தான் இவ்வளவு பூத்தும் இவ்வளவு குறைவாகக் காய்க்கிறதே என்று கேட்கும்படி இருக்கும். காய் 5 முதல் 7 செ.மீ. நீளம், தட்டையான முட்டை வடிவம், இரண்டு ஓரத்திலும் படகின் அடிப்பகுதி போல மேடான விளிம்பு. பச்சையிலிருந்து மஞ்சளாகவோ சிவப்பாகவோ பழுக்கும். தோலுக்குக் கீழே மெல்லிய சதை, துவர்ப்பும் லேசான இனிப்புமாக இருக்கும்.

குழப்பம் தரும் மரங்கள் சில உண்டு. தான்றி இதே இனத்தைச் சேர்ந்தது. அதன் இலையும் நுனியில் கொத்தாக நிற்கும், உதிரவும் செய்யும். ஆனால் தான்றியின் இலைக் காம்பு நீளம், காய் சாம்பல் நிறத்தில் வெல்வெட்டுப் போல மென்மயிரோடு உருண்டிருக்கும். நீர்மருதும் இதே இனம்தான். ஆற்றங்கரையில் வெளிறிய வழவழப்பான பட்டையோடு நிற்கும், காயில் ஐந்து இறக்கைகள் இருக்கும், பார்த்தவுடன் பிரித்துவிடலாம். குதிரைப்பிடுக்கன் என்றும் பீநாறி என்றும் சொல்லும் மரத்தையும் சில இடங்களில் காட்டு பாதாம் என்பார்கள். அதன் இலை இலவம் இலை போலக் கைவிரல்களாகப் பிரிந்திருக்கும், பூ நாறும், காய் சிவந்து படகு போல வெடிக்கும். இதற்கும் வாதுமைக்கும் உறவே இல்லை.

இப்போது நகரங்களில் வீட்டு வாசலில் அதிகம் வைக்கும் இன்னொரு மரம் மடகாஸ்கர் வாதுமை. அதற்கும் அடுக்கடுக்கான கிளைகள்தான், ஆனால் இலை இரண்டு மூன்று அங்குலத்துக்கு மேல் போகாது. பெரிய இலை சிவந்து உதிரும் காட்சிக்காக மரம் தேடுபவர்கள் அதை வாங்கிவிட்டு ஏமாற வேண்டாம்.

உதிரும் சிவப்பும் தளிர்ச் சிவப்பும்

மரத்தில் சிவப்பு இலை என்றதும் எல்லாம் ஒன்று என்று நினைக்கக் கூடாது. பூவம், இலுப்பை போன்ற மரங்கள் சிவப்பாகத் தெரிவது தளிர் விடும்போது. நாட்டு வாதுமை சிவப்பது இலை முதிர்ந்து விழப் போகும்போது.

விழுவதற்கு முன் மரம் இலையில் இருக்கும் தழைச்சத்து முதலியவற்றைக் கிளைக்குத் திரும்ப இழுத்துக்கொள்கிறது. பச்சையம் சிதைகிறது. ஏற்கெனவே உள்ளே இருந்த மஞ்சள் நிறமிகள் அப்போது வெளியே தெரிகின்றன. சிவப்பு நிறமி அப்படி ஒளிந்திருந்தது அல்ல, அந்தச் சமயத்தில் புதிதாக உருவாவது. அதற்கு வெயில் வேண்டும். அதனால் திறந்த வெளியில் நிற்கும் மரம் நன்றாகச் சிவக்கும். கட்டடத்து நிழலிலோ, மற்ற மரங்களுக்கு இடையிலோ நிற்கும் மரம் மஞ்சளோடு நின்றுவிடும். ஒரே மரத்தில்கூட வெயில் படும் பக்கம் நிறம் அதிகமாக இருப்பதைப் பார்க்கலாம்.

நம் பகுதியில் பெரும்பாலான மரங்கள் தை, மாசியில் ஒருமுறை இலையைக் கொட்டும். பல மரங்கள் ஆடி, ஆவணியை ஒட்டி இரண்டாம் முறையும் கொட்டும். மொட்டையாக நிற்பது சில வாரங்கள்தான், உடனே தளிர் விட்டுவிடும். சித்திரை வெயில் ஏறும்போது மரம் முழு நிழலோடு இருக்கும் என்பது இதன் பெரிய வசதி. வீட்டுக்கு மேற்குப் பக்கம் நிழல் மரம் தேடுபவர்களுக்கு இந்தக் கணக்கு ஒத்துவரும்.

எல்லாச் சிவப்பும் இயற்கை உதிர்வு அல்ல. கொத்தின் அடியில் இருக்கும் மூத்த இலைகள் முதலில், இலை முழுவதுமாக நிறம் மாறினால் கவலை இல்லை. இளம் இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக, மற்ற இடம் மஞ்சளாக வெளிறினால் அது இரும்புச் சத்துப் பற்றாக்குறை. சுண்ணாம்பு அதிகமுள்ள மண்ணில் இப்படி வரும். இலையில் வெள்ளிப் பூச்சு போன்ற தழும்பும், நடுநடுவே கரும்புள்ளிகளும் தெரிந்தால் இலைப்பேன் தாக்குதல்.

எங்கே வைக்கக் கூடாது?

இந்தப் பகுதியைத்தான் முக்கியமாகப் படிக்க வேண்டும்.

மா, கொய்யா, சப்போட்டா தோப்பு வைத்திருப்பவர்கள் தோப்புக்குள்ளும் வரப்பிலும் நாட்டு வாதுமையை வைக்கவே வேண்டாம். மாம்பழத்துக்குள் புழு வைக்கும் பழ ஈக்கு மிகவும் பிடித்த மரங்களில் இது ஒன்று. ஈ பழத்தின் தோலில் துளையிட்டு உள்ளே முட்டை இடும். புழு சதையைத் தின்று வளர்ந்து, பழம் விழுந்ததும் மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகும். வெயில் காலத்தில் மூன்று நான்கு வாரத்தில் அடுத்த தலைமுறை ஈக்கள் வெளியே வந்துவிடும். மாமரத்தில் காய் இருப்பது சில மாதம்தான். வாதுமையிலோ மா இல்லாத மாதங்களிலும் பழம் கிடக்கும். நீங்கள் மாந்தோப்பில் மருந்தடித்து, பொறி வைத்து ஈயைக் குறைத்தாலும், வேலியோரத்து வாதுமை அதற்குச் சோறு போட்டு அடுத்த பருவத்துக்குக் காப்பாற்றிக் கொடுத்துவிடும். கிருஷ்ணகிரி, திண்டுக்கல், தேனி போன்ற மா அதிகம் உள்ள மாவட்டங்களில் இதைக் கண்டிப்பாக நினைவில் வைக்க வேண்டும்.

ஏற்கெனவே பெரிய மரம் நிற்கிறது, வெட்ட மனமில்லை என்றால், விழும் பழத்தை வாரத்துக்கு இரண்டு முறை பொறுக்க வேண்டும். பொறுக்கிய பழத்தை எருக்குழியின் மேலாகக் கொட்டினால் பயனில்லை, புழு அங்கேயே கூட்டுப்புழுவாகிவிடும். இரண்டு அடி ஆழத்துக்குக் குழி வெட்டிப் புதைக்கலாம். அல்லது தடித்த கறுப்பு பாலித்தீன் பையில் போட்டு வாயை இறுகக் கட்டி, சில நாட்கள் நல்ல வெயிலில் போட்டுவைக்கலாம், உள்ளே சூட்டில் புழு செத்துவிடும். மரத்தடி மண்ணை அவ்வப்போது லேசாகக் கொத்திவிட்டால் கூட்டுப்புழுக்கள் வெயிலிலும் கோழிக்கும் அகப்படும். மெத்தில் யூஜினால் பொறி ஏக்கருக்கு 10 என்ற அளவில் வைப்பது வழக்கம். ஆனால் அதில் விழுவது ஆண் ஈ மட்டும்தான். பழம் பொறுக்காமல் பொறியை மட்டும் நம்பினால் பலன் பாதிதான்.

திராட்சை போட்டிருப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை. திராட்சை இலையையும் காயையும் சுரண்டும் இலைப்பேன் இனம் நாட்டு வாதுமையிலும் தங்கிப் பெருகும். மாதுளை, கொய்யா, முந்திரி, ரோஜாவையும் அது விடாது. கம்பம் பள்ளத்தாக்குத் திராட்சைத் தோட்டங்களின் ஓரத்தில் இந்த மரம் வேண்டாம்.

கிணற்று மேட்டில் வைத்தால் இலை முழுவதும் தண்ணீரில் விழும். இலையில் துவர்ப்புச் சத்து அதிகம் என்பதால் தண்ணீர் டீ நிறத்துக்கு மாறிவிடும். மோட்டாரின் அடிவால்விலும் இலை அடைக்கும். வீட்டிலிருந்து 25 அடியாவது தள்ளி வையுங்கள். வேர்கள் மேலாகப் படரும், வயதான மரம் சிமென்ட் தளத்தைத் தூக்கிவிடும். ஓட்டுக் கூரை, மொட்டைமாடித் தண்ணீர்க் குழாய் எல்லாவற்றிலும் இலை போய் அடைத்துக்கொள்ளும்.

வயல் வரப்பும் சரிவராது. இலை பெரியது, நிழல் அடர்த்தி, அதன் கீழ் எந்தப் பயிரும் தேறாது. வடக்கு எல்லையில் வைத்தால் நிழல் நம் வயலில் அதிகம் விழாது என்று கணக்குப் போடுவார்கள். கணக்கு சரிதான். ஆனால் அந்த நிழலும் இலைக் குப்பையும் வடக்குப் பக்கத்துக்காரர் வயலில் விழும். இப்படித் தொடங்கும் வரப்புச் சண்டைகள் பஞ்சாயத்து வரை போவது உண்டு.

எங்கே வைக்கலாம்?

களத்து மேடு, மாட்டுத் தொழுவத்தின் மேற்குப் பக்கம், பள்ளி மைதானம், ஊர்ப் பொது இடம், சாலையோரம், தென்னந்தோப்பு வீட்டின் முன்வாசல் ஆகிய இடங்கள் பொருத்தமானவை. கடற்கரைக் கிராமங்களுக்கு இது கொடுத்துவைத்த மரம். அந்தமான் தீவுகளின் கடற்கரைக் காடுகளில் இயற்கையாக வளரும் இனம் இது. உப்புக் காற்றையும், மணல் பாங்கான நிலத்தையும், ஓரளவு உவர்ப்பையும் தாங்கும். கடலூர், நாகப்பட்டினம், ராமநாதபுரம், தூத்துக்குடிக் கரையோரங்களில் வேறு அழகு மரங்கள் கருகும் இடத்திலும் இது பிழைக்கும்.

உள்மாவட்டங்களில் செம்மண், வண்டல் எதிலும் வரும். தண்ணீர் தேங்கும் களிமண் பள்ளம் மட்டும் ஆகாது. கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் அடிக்குள் இருக்கும் இடங்களில் நன்றாக வளரும். ஊட்டி, கொடைக்கானல் குளிரில் இதை முயல வேண்டாம், பனி இதற்கு ஆகாது. ஆண்டுக்கு 750 மி.மீ.க்கும் குறைவாக மழை பெறும் இடங்களில் முதல் மூன்று கோடைக்குத் தண்ணீர் கொடுத்தே ஆக வேண்டும்.

விதையிலிருந்து கன்று

கன்றுக்குக் காசு கொடுக்கத் தேவையே இல்லை. நன்றாகச் சிவக்கும் மரம் ஒன்றை ஊரில் பார்த்து வைத்துக்கொண்டு, அதன் அடியில் விழும் பழுத்த காய்களைப் பொறுக்குங்கள். இலை எந்த நிறத்துக்கு மாறும் என்பது மரத்துக்கு மரம் கொஞ்சம் மாறுபடும், அதனால் தாய் மரத்தைப் பார்த்து எடுப்பது நல்லது. வௌவால்கள் சதையைச் சப்பிவிட்டுப் போட்ட கொட்டைகள் கிடைத்தால் இன்னும் வசதி, சதை நீக்கும் வேலை மிச்சம். சிறு துளை இருக்கும் கொட்டையை ஒதுக்கிவிடுங்கள்.

இங்கே ஒரு விஷயம். மற்ற விதைகளைப் போலத் தண்ணீரில் போட்டு, மிதப்பதைப் பொக்கு என்று எடுத்து எறியக் கூடாது. இந்தக் கொட்டையின் நார் தக்கை போன்றது. கடலில் மிதந்து போய் வேறு கரையில் முளைப்பதற்காகவே அமைந்தது. நல்ல விதையும் மிதக்கும்.

விதையை நீண்ட நாள் வைத்திருக்க வேண்டாம், பொறுக்கிய சில வாரங்களுக்குள் விதைத்துவிட வேண்டும். சதையைச் சுரண்டி, நிழலில் இரண்டு நாள் உலர்த்தி, ஓர் இரவு தண்ணீரில் ஊறவையுங்கள். கொட்டையை உடைக்க வேண்டாம். செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு கலந்து பெரிய பாலித்தீன் பையில் நிரப்பி, கொட்டையைப் படுக்கை வசமாக ஓர் அங்குல ஆழத்தில் வைத்து மூடுங்கள். தினமும் ஈரம் இருக்க வேண்டும், நீர் தேங்கக் கூடாது. மூன்று முதல் ஆறு வாரத்தில் முளைக்கும். முளைத்ததும் சில வாரம் லேசான நிழல், பிறகு வெயில். நான்கு முதல் ஆறு மாதத்தில் கன்று ஒன்றரை அடி வந்ததும் நட்டுவிடலாம். ஒரு வருடத்துக்கு மேல் பையிலேயே நின்றால் வேர் சுருண்டுவிடும், அப்படிப்பட்ட கன்று நட்ட பிறகும் பல காலம் முழிக்கும். பண்ணையில் வாங்குவதாக இருந்தாலும் உயரமான கன்றைத் தேடாதீர்கள், பையின் அடியில் வேர் சுற்றாத சிறிய கன்றே மேல்.

நடவும் பராமரிப்பும்

இரண்டடி நீள, அகல, ஆழத்தில் குழி எடுத்து ஒரு வாரம் ஆறவிட்டு, மேல்மண்ணோடு 10 கிலோ மக்கிய தொழுவுரமும் கால் கிலோ வேப்பம் பிண்ணாக்கும் கலந்து நிரப்புங்கள். வரிசையாக வைப்பதாக இருந்தால் மரத்துக்கு மரம் 30 அடி. 15 அடியில் நெருக்கி வைத்தால் அடுக்குக் கிளையின் அழகே போய்விடும். கடலோர, கிழக்கு மாவட்டங்களில் ஐப்பசி மழையோடு நடுவது நல்லது. மேற்கு மாவட்டங்களில் ஆடி மழையைப் பயன்படுத்தலாம். ஆடு, மாடு எட்டாதபடி இரண்டு வருடம் கூண்டோ முள்வேலியோ அவசியம்.

முதல் வருடம் மழை இல்லாத நாட்களில் வாரம் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் ஒன்றிரண்டு குடம். இரண்டாம் வருடம் வாரம் ஒருமுறை. மூன்று வருடம் தாண்டிவிட்டால் சாதாரணக் கோடையை மரமே சமாளித்துக்கொள்ளும். ரசாயன உரம் தேவையில்லை, மழைக்கு முன் ஒரு கூடை எரு போதும்.

கவாத்தில் ஒரே விதி: நடுத்தண்டின் நுனியைக் கிள்ளவோ வெட்டவோ கூடாது. நுனி போனால் இரண்டு மூன்று தண்டுகள் போட்டி போட்டு எழும்பி, அடுக்கு அமைப்பு குலைந்துவிடும். மாட்டுவண்டியோ டிராக்டரோ அடியில் போக வேண்டும் என்றால் கீழ் அடுக்குக் கிளைகளை வருடத்துக்கு ஒரு வட்டமாக, இலை உதிர்ந்து நிற்கும் நேரத்தில், தண்டை ஒட்டி அறுத்தெடுக்கலாம். மின்கம்பிக்குக் கீழே நட்டுவிட்டு, வருடாவருடம் தலையை மொட்டையடிப்பதைப் பல ஊர்களில் பார்க்கலாம். அதைவிட அங்கே நடாமலே இருந்திருக்கலாம்.

பூச்சி என்று பார்த்தால், மழைக்குப் பிறகு கம்பளிப்புழுக்கள் கூட்டமாக வந்து இலையைத் தின்னும். ஆமணக்கிலும் மாதுளையிலும் வரும் மஞ்சள் பச்சை அந்துப்பூச்சியின் புழு அவற்றில் ஒன்று. மயிர் பட்டால் அரிப்பு எடுக்கும், பள்ளி வளாகத்தில் பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்ல வேண்டும். இளம் மரமாக இருந்தால் புழுக் கூட்டம் இருக்கும் சிறு கிளையைக் கொக்கியால் வளைத்து வெட்டி, சோப்புத் தண்ணீரில் அமிழ்த்திவிடலாம். பெரிய மரத்துக்கு மருந்து அடிப்பது வீண் செலவு, அது மறுபடி துளிர்த்துவிடும்.

இலையும் கொட்டையும்

விழும் இலையைப் பார்த்து அலுத்துக்கொள்பவர்களே அதிகம். பெரிய இலை, துவர்ப்பு மிகுதி, அப்படியே விட்டால் மக்க நாளாகும். உழவு இயந்திரச் சக்கரத்தை ஏற்றியோ கத்தியால் நறுக்கியோ துண்டாக்கி, சாணக் கரைசல் தெளித்து, கிளைரிசிடியா போன்ற பச்சைத் தழையோடு மாற்றி மாற்றி அடுக்கினால் ஆறேழு மாதத்தில் எருவாகும். அவ்வளவு மெனக்கெட வேண்டாம் என்றால் தென்னை வட்டப் பாத்தியில் மூடாக்காகப் போடுங்கள். மெதுவாக மக்குவது அங்கே நல்லதுதான், ஈரம் நிற்கும், களை அடங்கும். எரிப்பதை மட்டும் விட்டுவிடுங்கள்.

காய்ந்த இலைக்கு இன்னொரு வாடிக்கையாளரும் உண்டு, வண்ண மீன் வளர்ப்பவர்கள். ஃபைட்டர் போன்ற மீன்கள் இருக்கும் தொட்டியில் இந்த இலையைப் போடுவார்கள். இலையின் துவர்ப்புச் சத்து கரைந்து தண்ணீரைப் பழுப்பாக்கி, அதன் காரத்தன்மையைக் குறைக்கும். சென்னை கொளத்தூர் போன்ற வண்ண மீன் சந்தைகளிலும் இணையக் கடைகளிலும் 'கட்டப்பா இலை', 'பாதாம் இலை' என்ற பெயரில் கட்டுக் கட்டாக விற்கிறது. தானாக விழுந்து பழுப்பு நிறத்துக்கு வந்த, ஓட்டையில்லாத முழு இலைகளை எடுத்துக் கழுவி, நிழலில் தட்டையாக உலர்த்த வேண்டும். பூச்சிமருந்து அடித்த மரத்தின் இலை கூடவே கூடாது, ஒரு இலையால் ஒரு தொட்டி மீனும் போகலாம். பருத்தி, கத்தரி வயலை ஒட்டி நிற்கும் மரத்தில் மருந்துச் சாரல் விழும் என்பதால் அதையும் தவிர்க்க வேண்டும். பக்கத்து ஊரில் மீன் பண்ணை இருந்தால் கேட்டுப் பார்த்து, வாங்க ஆள் இருக்கிறது என்று தெரிந்த பிறகு சேகரியுங்கள். வீட்டில் ஒன்றிரண்டு மரம் இருப்பவர்களுக்குக் கைச்செலவுக்கு ஆகும். இதை நம்பி நிலத்தை ஒதுக்குவது புத்திசாலித்தனம் அல்ல.

மரம் செந்நிறம் கலந்தது, ஓரளவு உறுதியானது. வண்டிச் சாமான், சாதாரண மேசை நாற்காலிக்கு ஆகும். கறையான் பிடிக்கும் என்பதால் வாசக்கால், உத்தரத்துக்கு நம்ப முடியாது. தேக்கு, வேங்கை விலையை எதிர்பார்க்க வேண்டாம்.

கொட்டை நட்ட நான்கைந்து வருடத்தில் காய்க்கத் தொடங்கும், சில மரங்கள் மூன்றாம் வருடமே காட்டும். பருப்பு வேண்டுமானால் கொட்டையை வெயிலில் நன்றாகக் காயவைத்து, தட்டையாகப் படுக்கவைத்து அடிக்காமல், மேடான விளிம்பு மேலே வரும்படி நிறுத்திக் கல்லால் தட்டுங்கள். இரண்டாகப் பிளந்து, சுருட்டி வைத்த இலை போன்ற வெள்ளைப் பருப்பு முழுதாகக் கிடைக்கும். அதில் பாதிக்கு மேல் எண்ணெய், அதனால் சீக்கிரம் சிக்கு வாடை வந்துவிடும், உடைத்த அன்றே சாப்பிடுவது நல்லது. மரத்தடியில் நாள்பட்டுக் கிடந்து பூஞ்சணம் பிடித்த கொட்டையைப் பிள்ளைகள் உடைத்துத் தின்னாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.